ஒரே ஒரு வெற்றி என்று ஒதுக்குகிறவர்களுக்கு

கார் பந்தய ஓட்டுநர்களை எண்களை வைத்துத் தரம் பிரிக்கும் தமிழ் ரசிகர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். லேப் டைம், கிரிட்டில் நின்ற இடம், எந்தச் சுற்றில் டயர் மாற்றினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கரைப்பவன். ஆகவே எண்களை விடுங்கள், மனதைப் பாருங்கள் என்று உபதேசம் செய்ய வரவில்லை. எண்களைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் புகார்.

அமெரிக்காவின் நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தய அமைப்பின் ஓட்டுநர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு எப்போது கிளம்பினாலும், 1960-களில் ஓட்டிய கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட்டுக்கு உங்களிடம் ஒரே தீர்ப்புதான். 495 பந்தயம், 1 வெற்றி. அந்த ஒன்றும் 200 வெற்றி கண்ட ரிச்சர்ட் பெட்டியின் கார் மக்கர் செய்த நாளில் கிடைத்தது. அப்படிப்பட்டவரை 2015-ல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் சேர்த்தது கறுப்பர் என்பதற்காகப் போட்ட பரிதாப ஓட்டு. இதைச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவிவிடுகிறீர்கள்.

உங்களோடு மல்லுக்கு நிற்பவர்களும் எனக்குத் துணையில்லை. அவர்களுக்கு ஸ்காட் என்றால், ஜெயித்த அன்றே இன்னொருவர் கைக்குப் பறிபோன ஒரு கோப்பை, அவ்வளவே. அந்தக் கதையை உருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஆள் எப்படி ஓட்டினார், எதை ஓட்டினார், பதின்மூன்று சீசன் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று நீங்களும் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

நரேன் கார்த்திகேயன் விஷயத்தில் நாம் யாரும் இப்படி எண்ணோடு நிற்பதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஒன்னில் கோயம்புத்தூர்க்காரர் எடுத்தது மொத்தம் 5 புள்ளி. அந்த ஐந்தும் 2005-ல் இண்டியானாபொலிஸில், மிஷ்லின் டயர் போட்ட அணிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்ததால் கிடைத்தவை. இதைச் சொல்லி யாராவது கிண்டல் செய்தால் நாம் சும்மா இருக்கிறோமா? "ஜோர்டன் கார் அந்த வருஷம் என்ன லட்சணத்தில் இருந்தது தெரியுமா? பிற்பாடு ஓட்டிய அந்த எச்.ஆர்.டி. அணிக் காரில் ஷூமாக்கரை உட்கார வைத்துப் பாரேன்" என்று எகிறுகிறோம். சரியாகத்தான் எகிறுகிறோம். காரைச் சொல்லாமல் ஓட்டுநரைச் சொல்ல முடியாது. அதே நரேன் 2010 மார்ச்சில் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கியது வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில். 13-வதாக முடித்தார். அங்கிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் டான்வில். வெண்டல் ஸ்காட்டின் ஊர். நரேனுக்குக் கொடுத்த நியாயத்தை அந்த ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டுபோங்கள் என்கிறேன்.

ஸ்காட் 1921 ஆகஸ்ட் 29 அன்று பிறந்தார். அன்றைய டான்வில்லில் பிழைப்புக்கு இரண்டு வாசல்தான்: பருத்தி ஆலை, இல்லையென்றால் புகையிலைத் தொழிற்சாலை. ஆலைக்குள் போனால் பின்னாலேயே கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அது ஜெயில் என்று நினைத்தவர் அவர். அப்பா வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் காரோட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். ஸ்பேனர் பிடிக்கும் கை அப்படி வந்தது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு டாக்ஸி ஓட்டினார். 1943-ல் மேரி கோல்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டாம் உலகப்போரில், வெள்ளையர் வேறு கறுப்பர் வேறு என்று பிரித்து வைத்திருந்த ராணுவத்தில், ஐரோப்பாவில் வண்டிகளைப் பழுது பார்த்தார். திரும்பி வந்து சொந்தமாகப் பட்டறை போட்டார். ஏழு பிள்ளைகள். பட்டறை வருமானம் போதவில்லை. ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் நிறையப் பேர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. அமெரிக்கத் தெற்கில் ஸ்டாக் கார் பந்தயத்தின், அதாவது சாதாரணக் காரைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் விளையாட்டின், வேரே அதுதான். பார்க்க சாதாரணக் கார் மாதிரி இருக்க வேண்டும், பின்னால் சரக்கு ஏற்றினாலும் பின்பக்கம் தாழக்கூடாது, போலீஸ் துரத்தினால் மண்பாதையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்க வேண்டும். அப்படிக் கார் செய்தவர்களும் ஓட்டியவர்களும்தான் பிறகு ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் இறங்கினார்கள். 50 பந்தயம் வென்ற ஜூனியர் ஜான்சன் சாராய வழக்கில் சிறைக்கே போனவர். 1986-ல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு கொடுத்தார். அவர் கதையில் அது வீரம். ஸ்காட்டும் 1949-ல் பிடிபட்டார். மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு.

அதுதான் அவரை டிராக்குக்கும் கொண்டுவந்தது. 1952-ல் டிக்ஸி சர்க்யூட் என்ற உள்ளூர் பந்தயக்காரர்களுக்கு டான்வில் மைதானத்தில் வசூல் போதவில்லை. ஒரு கறுப்பரை ஓட்டவிட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். ஊரில் வேகமாக ஓட்டும் கறுப்பர் யார் என்று போலீஸிடமே போய் விசாரித்தார்கள். அவரைத் துரத்தித் துரத்தி ஓய்ந்திருந்த போலீஸ் தயங்காமல் ஒரே பெயரைச் சொன்னது. எந்த ஓட்டுநருக்கு இதைவிட நேர்மையான சிபாரிசு கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த மே 23-ம் தேதி அவர் கார் பந்தயத்தின் நடுவில் நின்றுபோனது. கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. ஓட்டிப் பார்த்தாயிற்று, பிடித்துவிட்டது. மறுநாளே காரை இழுத்துக்கொண்டு வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பருக்கு அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஹைபாயிண்டிலும் அதே பதில். அன்று காரை இழுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது கண்ணீர் வந்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாஸ்கார் வேண்டாம் என்றால் நாஸ்கார் அல்லாத டிராக்குகள் இருந்தன. சில நாட்களிலேயே லிஞ்ச்பர்க்கில் ஒரு சின்னப் பந்தயத்தில் ஜெயித்தார்.

நாஸ்கார் உரிமம் ஒன்றிரண்டு வருடம் கழித்து, ரிச்மண்டில், மைக் பாஸ்டன் என்ற கீழ்மட்ட அதிகாரி ஒருவரின் கையெழுத்தில் கிடைத்தது. இங்கே கறுப்பர் யாரும் ஓட்டியதில்லை, அடி வாங்குவாய் என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தார். தலைமையகத்தைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்குமோ. நாஸ்காரை 1948-ல் நிறுவிய பில் ஃபிரான்ஸ், ஸ்காட்டிடம் நல்லவிதமாகப் பேசியதும் உண்டு. வட கரோலினாவின் ராலியில் பந்தய ஏற்பாட்டாளர் வெள்ளை ஓட்டுநர்களுக்கு மட்டும் பெட்ரோல் காசு கொடுத்து இவரை விட்டுவிட்டார். இவர் நேராக ஃபிரான்ஸிடம் போய் நின்றார். ஃபிரான்ஸ் தன் பாக்கெட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்து, நீ நாஸ்கார் உறுப்பினர், உன்னை அப்படியே நடத்துவோம் என்று வாக்குக் கொடுத்தார். அதே ஃபிரான்ஸ் பிற்பாடு இனப்பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸின் அதிபர் தேர்தல் முயற்சிக்குத் தோள் கொடுத்தார். டார்லிங்டன் டிராக் ஸ்காட்டைப் பல வருடம் உள்ளேயே விடவில்லை. நாஸ்கார் பார்த்துக்கொண்டு இருந்தது. வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இவரை 'நாஸ்கார் பெரிய சீரிஸில் ஓட்டிய முதல் கறுப்பர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. 1955-ல் கலிஃபோர்னியாவில் இலையஸ் போவி என்பவர் ஒரு பந்தயம் ஓட்டியிருக்கிறார். 1956-ல் டேட்டோனா கடற்கரையில் சார்லி ஸ்காட் என்பவர் ஓட்டியிருக்கிறார், இவருக்கு உறவில்லை. அவர்கள் ஒருமுறை வந்துபோனவர்கள். வெண்டல் ஸ்காட் தங்கியவர். 1959-ல் ஸ்போர்ட்ஸ்மேன் என்ற கீழ்ப்பிரிவில் வர்ஜீனியா மாநிலப் பட்டமும் ரிச்மண்டின் சவுத்சைடு டிராக் பட்டமும் வாங்கிவிட்டு, 1961 மார்ச் 4-ல் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் கிராண்ட் நேஷனல் என்ற உச்ச சீரிஸுக்குள் வந்தார். இன்று கப் சீரிஸ் என்கிறோமே, அதன் அன்றைய பெயர் அது. அப்போது அவருக்கு வயது 39. பெட்டிக்கு 23.

இனி எண்களுக்கு வருகிறேன். உங்கள் ஆட்டக்களம்.

1961-ல் 23 பந்தயம், 1962-ல் 41, 1963-ல் 47, 1964-ல் 56, 1965-ல் 52. பிறகு 45, 45, 48, 51, 41, 37. கடைசி இரண்டு வருடம் 6-ம் 3-ம். 1964 சீசனில் மொத்தமே 62 பந்தயம்தான். அதில் 56-க்கு வந்திருக்கிறார். சராசரியாக வாரத்துக்கு ஒன்றுக்கு மேல். விமானத்தில் வந்து இறங்கியவர் இல்லை. டான்வில்லில் காரை டிரக்கின் பின்னால் கொக்கி போட்டு மாட்டி, தானே ஓட்டி, பந்தயத்தையும் ஓட்டி, திரும்பவும் ஓட்டி வந்து, இன்ஜினைப் பிரித்துப்போட்டு அடுத்த வாரத்துக்குத் தயார் செய்தவர். வழியில் ராத்தங்க அறை கொடுக்காத, சாப்பாடு போடாத ஊர்கள் எத்தனையோ. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி பெட்ரோல் போடும் பிட்டில் கையாட்களாக நின்றவர்கள் அவருடைய பிள்ளைகள். சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை.

அந்தக் காலத்தில் கிராண்ட் நேஷனல் என்பது ஒரே பந்தயத்துக்குள் ஓடிய இரண்டு பந்தயங்கள். ஒரு பக்கம் தொழிற்சாலை அணிகள். ஹோல்மன்-மூடிக்கும் வுட் பிரதர்ஸுக்கும் ஃபோர்டு இருந்தது. பெட்டி குடும்பத்துக்குக் கிரைஸ்லர். புது இன்ஜின், புது டயர், உடைந்தால் மாற்றுக் கார், சம்பளத்துக்கு மெக்கானிக்குகள் எல்லாம் கம்பெனி கணக்கு. 1964-ல் கிரைஸ்லர் கொண்டுவந்த ஹெமி இன்ஜினை டேட்டோனாவில் யாராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பெட்டி அதை வைத்துத்தான் தன் முதல் டேட்டோனா 500-ஐ வென்றார். இன்னொரு பக்கம் 'இண்டிபெண்டென்ட்' என்று அழைக்கப்பட்ட தனிநபர்கள். சொந்தக் கார், சொந்தக் காசு. பெரிய அணி ஓட்டித் தள்ளிய காரையும் கழற்றிப் போட்ட பாகத்தையும் தேய்ந்த டயரையும் வாங்கி ஓட்டுபவர்கள். ஸ்காட் இந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசை. வெள்ளை இண்டிபெண்டென்ட்களில் சிலருக்காவது எப்போதாவது கம்பெனி ஆதரவு எட்டிப் பார்த்தது. அவருக்கு நிலையான பெரிய ஸ்பான்சர் என்று யாரும் வரவே இல்லை. போதாக்குறைக்கு ஆரம்ப வருடங்களில் அவர் வைத்திருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே. ஜெனரல் மோட்டார்ஸ் 1963 தொடக்கத்திலேயே பந்தயத்திலிருந்து அதிகாரபூர்வமாகக் கழன்றுகொண்டது. கதவைத் தட்டவும் அங்கே ஆள் இல்லை.

இப்படிப்பட்டவர் டிராக்கில் எப்படி ஓட்ட வேண்டும்? முன்னால் போகிறவனோடு முட்டி மோதினால் ஒருவேளை ஒரு நாள் ஜெயிக்கலாம். கார் சுவரில் போய் ஒட்டினால் அடுத்த வாரம் கார் கிடையாது. அடுத்த வாரம் கார் இல்லையென்றால் பரிசுப் பணம் கிடையாது. பணம் இல்லையென்றால் இன்ஜின் கிடையாது. ஆக, வண்டியைக் கொன்றுவிடாமல், முடிந்தவரை முன்னால், கடைசிச் சுற்றுவரை கொண்டுசேர்ப்பதே வேலை. பிரேக் எப்போது காய்ந்துபோகும், எந்த ஆர்.பி.எம்முக்கு மேல் போனால் இந்தப் பழைய இன்ஜின் தாங்காது, முன்னால் போகிற ஹெமிக்காரன் எத்தனை சுற்றில் தன் டயரைத் தின்றுவிடுவான் என்பதையெல்லாம் ஓட்டிக்கொண்டே கணக்குப் போட வேண்டும். தன் கையால் கட்டிய இன்ஜின் என்பதால் அந்தக் கணக்கு அவருக்குக் காதிலேயே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. வேண்டுமென்றே வந்து இடிக்கிற ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஒரு வெள்ளை ஓட்டுநர் திருப்பி இடிப்பார், பிட்டில் கைகலப்பு நடக்கும், ரசிகர்கள் கைதட்டுவார்கள். 1960-களின் தெற்கில் ஸ்காட் அதே காரியத்தைச் செய்திருந்தால் கைதட்டல் கேட்டிருக்காது. பந்தயத்தில் எதிராளி அஞ்ச வேண்டிய ஓர் ஆயுதத்தை அவர் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு ஓட்ட வேண்டியிருந்தது.

அப்படி ஓட்டி அவர் எடுத்தது: முதல் பத்துக்குள் 147 முறை. முதல் ஐந்துக்குள் 20 முறை. 1962-ல் சவானாவில் ஒரு போல் பொசிஷன், அதாவது கிரிட்டில் முதலிடம். நூற்றுக்குக் கிட்டத்தட்ட முப்பது பந்தயத்தில் முதல் பத்து.

உங்கள் மறுப்பு எனக்குத் தெரியும். அன்றைய சின்ன டிராக்குகளில் இருபத்துச் சொச்சம் கார்தான் ஓடும், அதில் பத்துக்குள் வருவது பெரிய காரியமா என்பீர்கள். நியாயமான கேள்வி. பாதி தள்ளுபடி கொடுக்கலாம். ஆனால் அதே தள்ளுபடியைப் பெட்டியின் 200 வெற்றிகளுக்கும் கொடுக்க வேண்டும். 1967-ல் அவர் ஒரே சீசனில் ஜெயித்த 27-ல் பல அதே சின்ன டிராக்குகளில் வந்தவை. அதை மட்டும் முழு விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்கள்.

புள்ளிப்பட்டியலில் 1966-ல் அவர் ஆறாம் இடம். அடுத்த வருடம் பத்து, அதற்கடுத்த இரண்டு வருடமும் ஒன்பது. 1966-ல் இன்ஜின் விதித் தகராறில் ஃபோர்டு பெரும்பகுதி சீசனைப் புறக்கணித்தது, அதனால் இடம் காலியாக இருந்தது என்பதும் உண்மைதான். அந்தக் காலியிடம் எல்லா இண்டிபெண்டென்ட்களுக்கும் ஒரே மாதிரிதான் திறந்திருந்தது. யார் நுழைந்தார்கள் என்று பாருங்கள். டேவிட் பியர்சன் சாம்பியன். இரண்டாம் இடம் ஜேம்ஸ் ஹைல்டன் என்ற புதுமுகம். அந்த சீசனில் அவர் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை! வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலே உங்களுக்குப் புரியாது.

அந்த ஒரே வெற்றி வந்த ஜாக்சன்வில் கதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாததை மட்டும் கொஞ்சம் நின்று.

1963 டிசம்பர் 1. சீசன் கணக்கில் அது 1964-ன் மூன்றாவது பந்தயம். கென்னடி சுடப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஃபுளோரிடாவில் அரை மைல் மண் டிராக், 200 சுற்று. ஸ்காட்டின் கார் சக ஓட்டுநர் நெட் ஜாரெட்டிடம் வாங்கிய பழைய செவர்லே பெல் ஏர். 25 சுற்று மிச்சமிருக்கும்போது பெட்டியைத் தாண்டினார். பெட்டியின் கார் அப்போது சரியாக ஓடவில்லை என்பது உண்மை. மண் டிராக்கில் 175 சுற்று ஓடினால் பாதிக் கார்களுக்கு ஏதாவது ஒன்று கழன்றிருக்கும். கழலாமல் கொண்டுவந்தவர் யார் என்பதுதான் அங்கே கேள்வி. வாரா வாரம் அவர் செய்துகொண்டிருந்த அதே வேலைக்கு அன்று முதலிடம் பலனாகக் கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று தள்ளுகிறீர்கள்.

200 சுற்று முடிந்தது. பந்தயம் முடிந்தது என்று காட்டும் கட்டம்போட்ட கொடி அசையவில்லை. அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த பக் பேக்கருக்குக் கொடி காட்டி, அவரையே வென்றவர் என்று அறிவித்தார்கள். அன்று சுற்றுகளை எண்ணியது கம்ப்யூட்டர் அல்ல. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் நேரத்தைக் குறிப்பார். குழப்பம் வருவது சகஜம். வேறு பந்தயங்களிலும் முடிவு மாறியதுண்டு. ஆனால் இங்கே வித்தியாசம் ஒரு கார் நீளம் அல்ல. ஸ்காட் இரண்டு முழுச் சுற்று முன்னால் இருந்தார். அவர் மறு எண்ணிக்கை கேட்டார். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, ஆமாம், நீங்கள்தான் என்றார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது, பரிசளிப்பு முடிந்துவிட்டது, கோப்பை பேக்கரோடு போய்விட்டது. அழகுராணி கோப்பை கொடுத்து வெற்றியாளரை முத்தமிடுவது அங்கே வழக்கம். ஒரு கறுப்பரை வெள்ளைக்காரப் பெண் முத்தமிடுவதை அந்தக் கூட்டத்தின் முன் நடத்த விரும்பவில்லை, அதனால்தான் அப்படிச் செய்தார்கள் என்பது ஸ்காட்டின் முடிவு. அந்த வருடத்து ஜனவரியில்தான் பக்கத்து மாநிலமான அலபாமாவின் ஆளுநராகப் பதவியேற்ற வாலஸ், பிரிவினை என்றென்றும் இருக்கும் என்று மேடையில் முழங்கியிருந்தார். ஸ்காட்டின் முடிவை மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

குடும்பத்தின் கைக்கு நாஸ்கார் கோப்பை வந்து சேர்ந்தது 2021 ஆகஸ்ட் 28-ல், டேட்டோனாவில். அதுவும் புதிதாகச் செய்தது. மறுநாள் அவருடைய நூறாவது பிறந்தநாள்.

எண்ணை விரும்பும் நீங்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது கோப்பையை அல்ல. ஒரு வெற்றி ஓட்டுநருக்கு என்ன சம்பாதித்துத் தரும்? மறுநாள் பேப்பரில் படம். படத்தைப் பார்த்து ஒரு கார் டீலர் கூப்பிடுவார். டீலர் வழியாகக் கம்பெனி வரும். நல்ல இன்ஜின் வரும். நல்ல இன்ஜினில் இரண்டாவது வெற்றி வரும். அந்தக் காலத்தில் பலர் மேலே ஏறிய படிகள் இவை. ஜாக்சன்வில்லில் அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. கணக்கில் வெற்றியைச் சேர்த்தார்கள், அதன் பலனைச் சேர்க்கவில்லை. பிறகு அந்த '1'-ஐக் காட்டி, ஏன் இரண்டாவது இல்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

1973 மே 6, டல்லடேகா. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் 21 கார்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதின. அதில் ஸ்காட்டின் மெர்க்குரியும் ஒன்று. இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. வயது 51. அந்த அக்டோபரில் ஷார்லட்டில் ஒரே ஒரு முறை திரும்பி வந்து 12-வதாக முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டான்வில்லில் மறுபடி பட்டறை. 1990 டிசம்பர் 23-ல் முதுகுத்தண்டுப் புற்றுநோயில் காலமானார். அவர் வாழ்ந்த தெருவுக்கு இன்று அவர் பெயர். கப் சீரிஸில் அடுத்த கறுப்பின வெற்றியாளரைப் பார்க்க 2021 அக்டோபர் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பப்பா வாலஸ், மழையால் பாதியில் முடிந்த பந்தயம், அதே டல்லடேகா. வாலஸ் ஓட்டியது மைக்கேல் ஜோர்டன் கூட்டாக நடத்தும் அணியின் டொயோட்டா. நல்ல கார். இடைப்பட்ட காலத்தில் வில்லி டி. ரிப்ஸ், பில் லெஸ்டர் என்று வந்த திறமைசாலிகளுக்கு கப் சீரிஸில் விரல்விட்டு எண்ணும் பந்தயங்களே கிடைத்தன. அவர்களையும் நாளைக்கு யாராவது '0 வெற்றி' என்று எழுதுவார்கள்.

என் கோரிக்கை சின்னது. ஸ்காட்டைப் பெட்டியோடும் பியர்சனோடும் ஒரே பட்டியலில் நிறுத்தி, கீழே தள்ளி, சிரிப்பதை விடுங்கள். பெட்டிக்கு மேலே அவரை வைக்கச் சொல்லி நானும் வரமாட்டேன், அது பைத்தியக்காரத்தனம். சொந்தக் காசில் சொந்தக் கார் ஓட்டிய இண்டிபெண்டென்ட்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். ஒரே மாதிரி வண்டி வைத்திருந்தவர்களை ஒரே தராசில் நிறுத்துங்கள். ஜே.டி. மெக்டஃபி 653 பந்தயம் ஓட்டினார். ஒரு வெற்றியும் இல்லை, முதல் பத்துக்குள் 106. படி (Buddy) ஆரிங்டன் 560 பந்தயம்; அவருக்கும் வெற்றி இல்லை, முதல் பத்துக்குள் 103. இருவரும் கடைசிக் காலத்தில் கடுமையான போட்டியில் ஓட்டினார்கள் என்ற சலுகையைக் கொடுத்தாலும் ஸ்காட்டின் 495-க்கு 147 அவர்களுக்கு மேலேதான் நிற்கிறது. இரண்டு பேருக்கும் எந்த டிராக்கும் தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தியதில்லை.

ஹைல்டன் 602 பந்தயத்தில் 301 முறை முதல் பத்துக்குள் வந்தவர், இரண்டு வெற்றி வேறு. அவரை முதலிடத்தில் வைப்பதில் எனக்குத் தகராறு இல்லை. இரண்டாவது இடத்துக்கு இன்னொரு இண்டிபெண்டென்டான எல்மோ லாங்லியா, ஸ்காட்டா என்பதில்தான் சண்டை வரும். லாங்லிக்கும் இரண்டு வெற்றி, இரண்டுமே 1966-ல். அதே 1966-ல் ஒரு வெற்றியும் இல்லாமல், 45 பந்தயத்தில் 17 முறை முதல் பத்துக்குள் வந்து புள்ளிப்பட்டியலில் ஆறாவதாக முடித்தவர் ஸ்காட். நான் ஸ்காட் பக்கம். லாங்லிக்காரர்கள் அந்த சீசனின் முடிவுகளைப் பந்தயம் பந்தயமாக எடுத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே பட்டியல் போடும் ஒருவன்